ஃபோர்ஸ் எந்தப் பக்கம்?

இப்போதெல்லாம் முதலாண்டு மாணவர்களுக்கு வைக்கும் அடிப்படைத் தேர்வு கைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. கேள்வி திரையில் வரும், விரலால் ஒரு தட்டு, அடுத்த கேள்வி. கடைசி ஆள் வகுப்பை விட்டு எழுந்து போவதற்குள் யாருக்கு எது தெரியவில்லை என்பது வண்ண வண்ணக் கட்டங்களாக என் முன்னால் வந்துவிடும். வசதிதான். குறை சொன்னால் மேடத்துக்கு வயசாகிவிட்டது என்பார்கள், ஆகவே வெளியில் சொல்வதில்லை. எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். முதலில் ஒன்றை எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதியிருப்பார்கள். அந்த அடித்தலில்தான் ஆள் தெரிவார்.

கிணத்துக்கடவுக்கு அருகே பொள்ளாச்சி சாலையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது எல்லாம் காகிதம்தான். வீடு போத்தனூரில். காலையில் பேருந்தில் ஏறினால் இருபக்கமும் தென்னந்தோப்பு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று ஜன்னலோரம் உட்கார விடாது. கல்லூரியிலும் அதே கதைதான். விடைத்தாளின்மேல் எதையாவது வைக்காவிட்டால் அது பக்கத்துத் தோப்புக்குப் போய்விடும். ஆய்வகத்து எடைக்கற்களை நாங்கள் அதிகம் பயன்படுத்தியது காகிதம் பறக்காமல் இருக்கத்தான்.

எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண்களை அள்ளிக்கொண்டு வந்த பிள்ளைகள், எஃப் சமம் எம்ஏ என்று நியூட்டன் விதியை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள், பேருந்து பிரேக் போட்டால் நாம் ஏன் முன்னால் விழுகிறோம் என்று கேட்டால் டிரைவர் சரியில்லை என்பார்கள். பற்றிக்கொண்டு வரும். அதனால் சேர்ந்த முதல் ஆண்டிலேயே நானாக ஒரு தேர்வு தயாரித்தேன். அதில் ஒரு கணக்குகூடக் கிடையாது. எண்ணே கிடையாது. பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் ஒன்றாகக் கிணற்றில் போட்டால் எது முதலில் தண்ணீரைத் தொடும்? லாரியும் மொபெட்டும் மோதிக்கொண்டால் எது எதை அதிகமாகத் தள்ளும்? மேலே தூக்கிப் போட்ட தேங்காய், கையை விட்ட பிறகு மேலே போய்க்கொண்டிருக்கும்போது, அதன்மேல் ஃபோர்ஸ் எந்தப் பக்கம்? இப்படியே போகும். ஒவ்வொரு விடைக்குக் கீழும் ஏன் என்று ஒரு வரி, தமிழிலோ ஆங்கிலத்திலோ, எழுத வேண்டும். கேள்விகள் ஆங்கிலத்தில். வகுப்பில் நாங்கள் பேசுவது தமிழ்தான் என்றாலும் ஃபோர்ஸ், மாஸ், ஸ்பீடு எல்லாம் ஆங்கிலமாகவே இருக்கும். தமிழுக்கு நடுவே அவை கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், யாரும் கவனிப்பதில்லை.

மதிப்பெண் போட அல்ல, தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லித்தான் அந்தத் தேர்வை வைத்தேன். பிள்ளைகளும் நம்பினார்கள். நானும்தான்.

எங்கள் துறைத் தலைவர் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். தோப்புக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவார், வேட்டிக் கரையில் சில நாள் செம்மண் இருக்கும். கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் முடியாது என்று சொன்னால்கூட ஏதோ விருந்துக்கு அழைக்கிற மாதிரி இருக்கும். அவர் அறையை விட்டு வெளியே வந்து பத்தடி நடந்த பிறகுதான், அடடா, மறுத்துவிட்டாரே என்பது நமக்கு உறைக்கும்.

தேர்வு முடிந்த மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்க மேடம், ஏதோ புதுசா டெஸ்ட் வெச்சீங்களாமா? நல்ல காரியமுங்க. அந்த மார்க்கக் கொஞ்சம் குடுங்க."

"மார்க்குக்காக வெக்கலீங்க சார்."

"அது செரிங்க. சும்மா பார்த்துட்டுத் தாரேன்."

பார்த்தார். பாதிக்கும் மேல் ஆட்கள் தேறவில்லை. அதில் அடிமட்டத்தில் இருந்தவர்களின் பெயர்களைத் தனியாக ஒரு தாளில் எழுதச் சொன்னார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நிர்வாகத்திலிருந்து அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. அடிப்படை இல்லாத பிள்ளைகள் இயற்பியலில் இருந்து மூன்று வருஷமும் அரியர் வைத்து அல்லாடுவதைவிட, முதல் மாதத்திலேயே வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளட்டும். ஆடை வடிவமைப்புப் பிரிவில் இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பெயர்கள் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

"அதுவும் நல்ல படிப்புத்தானுங்களே மேடம். திருப்பூர்ல வேலையும் கெடைக்குது" என்றார்.

திருப்பூரில் வேலை கிடைக்கும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நான் நோய் என்னவென்று பார்க்க வைத்த தெர்மாமீட்டரை எடுத்து, காய்ச்சல் இருக்கிறவர்களை ஊரை விட்டு அனுப்பப் பார்க்கிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்த்துப் பேச வாயெடுத்தேன். அவர் இளநீர் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வெளியே வந்து பத்தடி நடந்தேன். அடடா.

அன்று மதியம் அந்த விடைத்தாள்களை மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோபத்தில் பார்த்ததால்தானோ என்னவோ, முதல் தடவை கண்ணில் படாத ஒன்று பட்டது. பெரும்பாலான தாள்களில் தப்புகள் ஆளுக்கொரு திசையில் இருந்தன. ஒரு கேள்விக்கு நியூட்டன், அடுத்த கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு டிக். நன்றாக மதிப்பெண் வாங்கியவர்களின் தாள்களும் அப்படித்தான். ஒரே ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. வகுப்பிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் அந்தத் தாளுக்குத்தான். ஆனால் அதில் தப்பெல்லாம் ஒரே திசையில் போயின. ஒவ்வொரு விடைக்குக் கீழும் தமிழில் முத்து முத்தாகக் காரணம் எழுதியிருந்தது.

தேங்காய்க் கேள்விக்குக் கீழே இப்படி: 'மேலே போகும்போது ஃபோர்ஸ் மேல் பக்கம் இருக்கும். போகப் போகக் குறையும். உச்சியில் தீர்ந்துவிடும்.' தரையில் உருட்டிவிட்ட பந்து ஏன் நிற்கிறது என்பதற்கு: 'ஃபோர்ஸ் தீர்ந்துவிட்டது.' லாரிக்கும் மொபெட்டுக்கும்: 'லாரிக்குத்தான் ஃபோர்ஸ் ஜாஸ்தி.' எங்கேயும் தடுமாற்றம் இல்லை, எங்கேயும் அடித்தல் இல்லை. இந்தப் பிள்ளை யோசித்திருக்கிறது, யோசித்து யோசித்து நேராகத் தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தோன்றியது. பெயரைப் பார்த்தேன். துறைத் தலைவர் எழுதச் சொன்ன தாளில் முதல் பெயர் அதுதான்.

ஆளைத் தெரியும். கொடுமுடிக்காரி, விடுதியில் தங்கியிருந்தாள். கடைசி பெஞ்சில் இரண்டு தோழிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள், கேள்வி கேட்டால் எழுந்து நின்று சிரிப்பாள், அதோடு சரி. ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். வந்தவள் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"எதுக்கு பிசிக்ஸ் எடுத்த? யாராவது எடுக்கச் சொன்னாங்களா?" என்றேன். என் குரல் அப்படித்தான், அன்பாகக் கேட்டாலும் போலீஸ் கேட்கிற மாதிரி இருக்கும்.

"இல்லீங்க மேடம். நானாத்தானுங்க. எங்க ஸ்கூல்ல பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் டீச்சரே இல்லீங்க. போஸ்ட் காலியாவே கெடந்துச்சு. நாங்களா புஸ்தகத்தப் பார்த்துத்தான் படிச்சோம்."

"அதுக்கு?"

"அந்த வேலைக்கு நாமளே போயிரலாம்னுதானுங்க" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "என்னைய மாத்திருவாங்கன்னு சொல்றாங்க. நெசமாங்க மேடம்?" என்றாள்.

அவளுடைய விடைத்தாளை எடுத்து விரித்தேன். தேங்காய் கையை விட்டுப் போன பிறகு அதில் ஏது மேல்பக்கத்து ஃபோர்ஸ் என்று கேட்டேன். இருக்குதுங்களே மேடம், போயிட்டிருக்குதே என்றாள். இல்லை என்றேன். இருக்குதுங்க என்றாள். ஆய்வகத்து எடைக்கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் காட்டினேன். அவள் அதைக் கண்ணாலேயே மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்து, "இப்பவும் இருந்துச்சுங்க" என்றாள். மரியாதையாகவே மறுத்தாள், ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு 'ங்க'. எனக்குக் கோபம் தலைக்கேறியது. போ, நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். கதவுவரை போனவள் திரும்பி, "கோவிச்சுக்காதீங்க மேடம்" என்றாள். அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. எல்லாம் புரிந்துகொண்ட பிள்ளை மாதிரி இருக்கிறாள், இதை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள்?

மறுநாள் வியாழக்கிழமை, எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் விடும் நாள். கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் காலையில் வேறு எந்த வேலையும் ஓடாது. குடம், அண்டா, பெயிண்ட் டப்பா என்று வீட்டில் இருக்கும் வாயுள்ள சாமான் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். நானும் நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு குழாயடியில் நின்றிருந்தேன். எதிர்வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், உங்க ஊட்டுல தண்ணி ஃபோர்ஸா வருதுங்களா?"

"எங்கீங்க, ஃபோர்ஸே இல்லீங்க. நூலாட்டம் வருது" என்றேன்.

சொன்ன பிறகு அப்படியே நின்றுவிட்டேன். குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்தது. எதிர்வீட்டு அம்மா என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. ஃபோர்ஸ் இல்லை என்று நான் சொன்னேன். இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய நான். தண்ணீர் ஃபோர்ஸாக வருகிறது, வண்டி ஃபோர்ஸாக வந்து மோதியது, காற்று ஃபோர்ஸாக அடிக்கிறது. பிறந்ததிலிருந்து இதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். ஓடுகிற ஒன்றுக்குள் இருக்கிற வேகமும் வலுவும் சேர்ந்த ஏதோ ஒன்று, அதுதான் எங்கள் ஊர் ஃபோர்ஸ். அது இருக்கும், குறையும், தீர்ந்தும் போகும். அவள் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவள் பாடத்தில் வரும் ஆங்கில ஃபோர்ஸுக்கு விடை எழுதவில்லை, எங்கள் ஊர்ப் பேச்சில் வரும் ஃபோர்ஸுக்கு எழுதியிருக்கிறாள்.

அன்று கல்லூரியில் கால் வைத்ததும் நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போனேன். குழாயடியில் நடந்ததைச் சொன்னேன். மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, அவர் தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"அதெல்லாம் செரிங்க மேடம்," என்றார் முடிவில். "பேசறது ஒண்ணு, பாடம் ஒண்ணு. மத்த புள்ளைங்களும் இதே தண்ணியத்தான குடிச்சு வளந்துருக்குது? அதுல தேறினவங்க செரியா எழுதிருக்காங்கல்லங்க?"

"அவங்க இங்கிலீஷ் மீடியமுங்க சார். நானும் இங்கிலீஷ் மீடியம், ரயில்வே ஸ்கூல். எங்களுக்குப் புஸ்தகத்து ஃபோர்ஸ் வேற, குழாய் ஃபோர்ஸ் வேறன்னு சின்னதுலயே பிரிஞ்சிருச்சு. இவளுக்குப் பிரியலை."

அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க என்றார் அவர்.

வந்தாள். உள்ளே வரும்போதே முகம் வெளுத்திருந்தது. மாற்றல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். துறைத் தலைவர் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. மேசைமேல் இருந்த ஒரு தேங்காயை எடுத்தார். அவர் அறையில் எப்போதும் ஒன்று கிடக்கும், யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள்.

"இதைய மேல போட்டாச்சு. கைய உட்டாச்சு. மேல போயிட்டிருக்குது. ஃபோர்ஸ் எந்தப் பக்கம் கண்ணு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"மேலங்க சார்."

அவர் தேங்காயை மேசையில் வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ தமிழ் மீடியமா கண்ணு?"

"ஆமாங்க சார்."

"நானும் தமிழ் மீடியந்தான். பொள்ளாச்சிப் பக்கம் ஜில்லா போர்டு ஸ்கூலு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தேங்காயைக் கையில் எடுத்தார். "செரி. மேல போயிட்டிருக்குது. விசை எந்தப் பக்கம்?"

"கீழங்க சார்" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பூமியோட ஈர்ப்பு விசை மட்டுந்தானுங்க. கைய உட்டதுக்கு அப்பறம் மேல் பக்கம் எந்த விசையும் இல்லீங்க."

"உச்சியில?"

"அப்பவும் கீழங்க சார். விசை மாறாதுங்க. திசைவேகந்தான் பூஜ்யமாகும்."

துறைத் தலைவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அப்ப ஃபோர்ஸ்?"

"அது மேலங்க சார்."

"ரெண்டும் ஒண்ணு கண்ணு. விசையத்தான் இங்கிலீஷ்ல ஃபோர்ஸ்ங்கறது."

அவள் துப்பட்டாவைச் சுற்றுவதை நிறுத்தினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணுங்களா சார்?"

ஆடிக்காற்று ஜன்னல் கதவை ஒரு அடி அடித்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது, ஆனால் அழவில்லை, கோபமாக இருந்தாள். என் மாதிரியே கோபம்.

"இங்க வந்ததுல இருந்து எல்லாமே இங்கிலீஷுங்க சார். ஒண்ணும் புரியல. ஃபோர்ஸ்னு ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வார்த்தையா இருந்துச்சு. எங்கூருல காவேரியில தண்ணி ஃபோர்ஸா வந்தா அம்மா எறங்கவே உடமாட்டாங்க. செரி, இது ஒண்ணாச்சும் நமக்குத் தெரியுமேன்னு கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். அதுதான் தப்பாப் போச்சுங்களா?"

தெரியாத சொற்களை எல்லாம் அவள் அகராதியில் தேடிப் படித்திருக்கிறாள். விடுதி அறையில் அந்த அகராதியை நானே பிறகு பார்த்தேன், ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. இந்த ஒரு சொல்லை மட்டும் தேடவில்லை. தெரிந்த சொல்லை யாராவது தேடுவார்களா? அந்தச் சொல் வகுப்புக்கு வகுப்பு அவளை ஏமாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்களும் ஃபோர்ஸ் ஃபோர்ஸ் என்று தமிழுக்கு நடுவே சொல்லிச் சொல்லி அதை இன்னும் கெட்டியாக்கிவிட்டிருக்கிறோம்.

துறைத் தலைவர் என் கேள்வித்தாளை வாங்கி, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில், ஃபோர்ஸுக்குப் பதில் விசை போட்டுக் கேட்டார். பந்து, கிணற்றுக் கல், பேருந்து எல்லாவற்றுக்கும் அவள் தட்டுத் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னாள். லாரிக்கும் மொபெட்டுக்கும் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சமமான எதிர்விசை என்று வாய் சொன்னது, மனசு ஒப்பவில்லை. "இருந்தாலும் சார், மொபெட்டுக்காரன்தானுங்களே ஆஸ்பத்திரிக்குப் போறான்" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பிறகு பெயர்கள் எழுதிய அந்தத் தாளை எடுத்து அவள் பெயரை அடித்தார். பேனா அடுத்த பெயருக்குமேல் நின்றது.

"மேடம், இதுல இருக்கறவங்கெல்லாம் எந்த மீடியமுங்க?"

நான் பார்த்தேன். பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கடைசி பெஞ்சு, அதற்கு முந்தின பெஞ்சு. அத்தனை பேரும் தமிழ்.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல நான் பேசிக்கறேனுங்க. நீங்க போய் எல்லாரையும் ஒருக்கா கூட்டியாங்க" என்றார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அந்த மனிதரை முந்தின நாளிலிருந்து மனசுக்குள் திட்டிய திட்டையெல்லாம் ஒரே மூச்சில் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நான் படியிறங்கி வருவதற்குள் அவள் எனக்கு முன்னால் ஓடியிருந்தாள். கீழ் வராந்தாவில் அந்தக் கடைசி பெஞ்சுக் கூட்டம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. விஷயம் எப்படியோ பரவி, அவளை என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறார்கள். சிலர் கையில் மாற்றல் விண்ணப்பம் இருந்தது, பாதி நிரப்பியிருந்தார்கள். அவள் நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். வகுப்பில் எழுந்து சிரிப்பதோடு சரி என்றிருந்த பெண் அவள்.

"ஃபோர்ஸுனா நம்ம ஃபோர்ஸ் இல்லீங்கடி. விசை! விசையத்தான் இத்தன நாளா இங்கிலீஷுல சொல்லிட்டு இருந்துருக்காங்க!"

ஒவ்வொரு முகமும் தன் தாளில் என்ன எழுதினோம் என்று நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. ஒருத்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். இன்னொருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன், இறங்கிப் போய் அதைக் கலைக்க மனம் வரவில்லை. அத்தனை பேரிலும் சின்னதாய் ஒருத்தி, வாயே திறக்காதவள், கையில் இருந்த விண்ணப்பத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவளிடம் கேட்டாள்:

"அப்ப நமக்கு பிசிக்ஸ் தெரியுமா புள்ள?"